முரண்டு பிடிக்கும் பூனைக்கு நகம் வெட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் நகம் வெட்டுவதை அருகிலிருந்து பார்க்கும்போதெல்லாம், ஒரு காலத்தில் நான் செய்த அதே பிழைகள் அதே வரிசையில் நடப்பதைக் காண்கிறேன். நகவெட்டி கூராக இருக்க வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும் என்பவை யாரும் சொல்லாமலே தெரிந்தவை ஆதலால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரே மூச்சில் முடிக்க நினைப்பது

முன்கால்களில் ஐந்தைந்தும் பின்கால்களில் நந்நான்குமாகப் பூனைக்குப் பொதுவாக 18 நகங்கள் உண்டு. உட்கார்ந்தால் அத்தனையையும் வெட்டிவிட்டுத்தான் எழ வேண்டும் என்ற பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கணவர் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடரியை அழுத்திக்கொள்ள, மனைவி ஒவ்வொரு காலாக வெளியே இழுத்து, அது அலறிச் சிறுநீர் கழித்த பின்னும் விடாமல் கடைசி நகம் வரை வெட்டி முடித்தார்கள். அதைச் சாதனையாக என்னிடம் சொல்லவும் செய்தார்கள். அதன் பிறகு நகவெட்டி இருக்கும் மேசை இழுப்பறையைப் பேனா எடுப்பதற்காகத் திறந்தாலும் அந்தப் பூனை பீரோவின் மேல் ஏறிக்கொள்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்று நம் பாட்டிமார்கள் சும்மாவா சொன்னார்கள்? வெட்டிய நகம் இரண்டு மூன்று வாரங்களில் மறுபடி கூர்ந்துவிடும். போன நம்பிக்கை அவ்வளவு விரைவில் திரும்பாது.

தாய்ப்பூனையே குட்டியைப் பிடரியில் கவ்வித்தானே தூக்குகிறது என்று இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. அது பிறந்து சில வாரங்களே ஆன குட்டிக்குப் பொருந்தும். வளர்ந்த பூனை அந்தப் பிடியில் அசையாமல் கிடப்பது பெரும்பாலும் அச்சத்தில் உறைந்துபோவதால்தான். பூனை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்புகள் 2022-ல் வெளியிட்ட கையாளும் நெறிமுறைகளும் இந்தப் பிடியை ஏற்கவில்லை.

செய்ய வேண்டியது மிக எளிது, ஆனால் பொறுமை வேண்டும். உண்டு முடித்து அது கண் சொக்கிக் கிடக்கும் வேளையில் முன்காலை மட்டும் தொட்டுவிட்டு, வேகவைத்த கோழித் துணுக்கொன்றைக் கொடுத்து விலகிவிடுங்கள். தொடுவதை அது பொருட்படுத்தாத நிலை வந்ததும், விரலின் மேற்புறத்தையும் அடியிலுள்ள மெத்தைப் பகுதியையும் சேர்த்து மெல்ல அழுத்தி, உள்ளே மடங்கியிருக்கும் நகம் வெளியே வந்ததும் வெட்டாமலே விட்டுவிடுங்கள். நகவெட்டியின் ஓசை பழகுவதற்காக, பூனையின் பக்கத்தில் அமர்ந்து அதனால் விளக்குமாற்றுக் குச்சியை நறுக்கலாம். பிறகு ஒரு நகம், ஒரு துணுக்கு, அன்றைய வேலை முடிந்தது. வால் சுழன்று அடிக்கத் தொடங்கினாலோ காதுகள் பின்னுக்கு மடிந்தாலோ அந்த ஒன்றையும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு நகமா என்று சிரிப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: 18 நாளில் சுற்று முடியும்போது, முதலில் வெட்டிய நகம் மறுபடி வெட்டும் பதத்துக்கு வந்திருக்கும்.

பின்கால்களுக்கு அவசரப்படுவது

பின்கால் நகங்கள் அவ்வளவு கூராக வளர்வதில்லை. முன்கால்கள் பழகிய பின் பார்த்துக்கொள்ளலாம்.

குட்டையாக வெட்ட ஆசைப்படுவது

வெளிர் நிற நகத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால், அடியிலிருந்து பாதி நீளத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு முக்கோணம் தெரியும். இரத்தக் குழாயும் நரம்பும் அதற்குள் ஓடுகின்றன. அதைவிட்டு 2 மில்லிமீட்டராவது தள்ளி, கொக்கி போல் வளைந்த கண்ணாடி நிற நுனியை மட்டும் வெட்ட வேண்டும். நகம் கறுத்திருந்தால் நுனியைச் சீவினாலே போதும். தவறி இரத்தம் வந்தால், சோளமாவை (கார்ன்ஃப்ளார்) தொட்டுச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தால் அது நிற்காது.

முன்காலின் உட்புற நகத்தை மறப்பது

கட்டைவிரல் போலச் சற்று மேலே தனித்திருக்கும் இந்த நகம் தரையில் படாததால் தேயாது. வயதான பூனைகளில் இது தடித்து, வட்டமாக வளைந்து, மெத்தைப் பகுதிக்குள்ளேயே குத்தி இறங்கிவிடுவதுண்டு. அப்படி இறங்கியிருந்தால் நீங்களாக இழுக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மாத்திரை கொடுத்து அடக்குவது

மருத்துவர் எழுதித் தராத எதையும் கொடுக்கக் கூடாது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் பூனையின் உயிரையே பறிக்கும்.

கீறலைத் துடைத்துவிட்டுப் போவது

வீட்டுப் பூனைதானே என்று மஞ்சளை அப்பிக்கொண்டு பலர் வேலையைத் தொடர்கிறார்கள். இரத்தம் கசியும் கீறலை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிய பின், வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதை அன்றே அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுவிட வேண்டும். பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.