இயேசு தேவனா, தேவனுடைய குமாரனா: பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் விதம்

எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பகுதி) திடப்படுத்தல் வகுப்பு, அதாவது பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே உறுதிசெய்யத் தயாராகும் வகுப்பு எடுத்துவருகிறேன். வருகிறவர்கள் பத்தாவதும் பிளஸ் ஒன்னும் படிக்கிற பிள்ளைகள். பத்துக் கட்டளை, ஞானஸ்நானம், திருவிருந்து எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக்கொள்வார்கள். சபையாக நம்புவதை அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணத்துக்கு வந்தால் மட்டும் யாராவது ஒருவர் கை தூக்கிவிடுவார். "டீச்சர், இயேசு கடவுளா, கடவுளோட மகனா? ரெண்டும்னா எப்படி?" பெரும்பாலும் அது பக்கத்துப் பெஞ்சில் இருக்கிற தோழியோ தோழனோ கேட்டு, பதில் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்த கேள்வி.

"அதெல்லாம் பெரிய இரகசியம், நம்பினால் போதும்" என்று தயவுசெய்து அந்தப் பிள்ளையை உட்காரவைத்துவிடாதீர்கள். திருச்சபை இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து விவாதித்திருக்கிறது. அதற்காக ஆட்கள் நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால், வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட முடியும். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் மட்டுமில்லை, வீட்டில் பெற்றோரும் செய்யலாம்.

தொடங்குமுன் உங்கள் மனதில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். பிள்ளைகள் "தேவன்" என்பதை முதல் இடம் என்றும், "குமாரன்" என்பதை அதற்கு அடுத்த இடம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைத்தால் ஒருவரே இரண்டு இடத்திலும் எப்படி இருப்பார் என்ற குழப்பம் வரத்தான் செய்யும். சபையின் போதனை அதுவல்ல. "அவர் என்னவாக இருக்கிறார்?" என்று கேட்டால் பதில் தேவன். "பிதாவுக்கு அவர் யார்?" என்று கேட்டால் பதில் குமாரன். இது இரண்டு தனித்தனிக் கேள்வி. இன்னும் ஒரு படி மேலே போனால், அவர் குமாரனாக இருப்பதால்தான் தேவனாக இருக்கிறார். குமாரனாக இருந்தும் தேவன் என்பது அல்ல. நான் இந்த இரண்டு கேள்விகளையும் போர்டில் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் விடுவேன்.

முதலில் உபாகமம் 6:4-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் அறிக்கை இது. பேதுருவும் யோவானும் தோமாவும் இதைச் சொல்லி வளர்ந்தவர்கள். இயேசுவும் இதையே முதல் கட்டளை என்றார். நமக்கு இரண்டு தெய்வம் கிடையாது, பெரிய தெய்வம் ஒன்று, சின்னத் தெய்வம் ஒன்று என்பதும் கிடையாது. இதை ஆணி அடித்ததுபோல் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அடுத்து, "தேவகுமாரன்" என்று வருகிற வசனங்களைப் பொறுக்கி அடுக்காதீர்கள். பல பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டம் மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. யாத்திராகமம் 4:22-இல் இஸ்ரவேல் ஜனமே தேவனுடைய குமாரன். 2-ஆம் சங்கீதத்தில் தாவீதின் வம்சத்து ராஜா குமாரன். லூக்கா 3:38-இல் ஆதாம் தேவனால் உண்டானவன் என்று வம்சவரலாறு முடிகிறது. ரோமாபுரியில் அகஸ்து ராயன்கூடத் தன்னைத் தெய்வமாக்கப்பட்டவரின் மகன் என்று காசுகளில் பொறித்துக்கொண்டான். ஆகவே, இயேசு அந்த உறவை எப்படி வாழ்ந்தார், எப்படிப் பேசினார், கேட்டவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

அதற்கு நல்ல வாசல் மாற்கு 2. கப்பர்நகூமில் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள். இயேசு குணமாக்குவதற்கு முன் "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்கிறார். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நான் வகுப்பைப் பார்த்துக் கேட்பேன்: "முன் பெஞ்சில் இருக்கிற தம்பி பக்கத்தில் இருக்கிறவனை அடித்துவிட்டான். கடைசி பெஞ்சில் இருக்கிற நீ எழுந்து 'பரவாயில்லை, உன்னை மன்னித்துவிட்டேன்' என்று சொல்லலாமா?" எல்லாரும் சிரிப்பார்கள். அடிபட்டவன்தானே மன்னிக்க வேண்டும்? அங்கே இருந்த வேதபாரகர்களுக்கும் (யூத வேத அறிஞர்கள்) அதே எண்ணம்தான். "தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்" என்று அவர்கள் நினைத்தது முழுக்கச் சரி. அப்படியானால், அங்கே உட்கார்ந்து மன்னிக்கிறவர் யார்? இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

அப்புறம் யோவான் 5. மாலை நேரத்தில் பாதியை இந்த ஒரு அதிகாரத்துக்குக் கொடுங்கள் என்பேன். என்னைக் கேட்டால், முழுப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்தவனைப் பெதஸ்தா குளத்தருகே இயேசு எழுப்புகிறார். அன்று ஓய்வுநாள், வேலை செய்யக் கூடாத நாள். ஏன் இன்றைக்குச் செய்தீர் என்று யூதத் தலைவர்கள் எதிர்க்கிறார்கள். "மனிதனுக்கு உதவி செய்வது தப்பா?" என்று அவர் வாதாடியிருக்கலாம். வேறு இடங்களில் அப்படித்தான் வாதாடுகிறார். இங்கே சொல்வது வேறு: "என் பிதா இதுவரைக்கும் கிரியைசெய்துவருகிறார், நானும் கிரியைசெய்துவருகிறேன்." ஓய்வுநாளிலும் குழந்தை பிறக்கிறது, மழை பெய்கிறது, மனிதர் சாகிறார்கள். ஆகவே தேவன் அன்றும் உலகத்தை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார் என்பது யூத ஆசிரியர்களுக்குத் தெரிந்த விஷயம். அது தேவனுக்கு மட்டும் உள்ள உரிமை. அந்த உரிமை தமக்கும் உண்டு என்று இயேசு சொல்கிறார். கேட்டவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. 18-ஆம் வசனத்தைப் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கட்டும்: தேவனைத் தம்முடைய சொந்தப் பிதா என்று சொல்லி, "தம்மைத் தேவனுக்குச் சமமாக்கினபடியினாலே" அவரைக் கொலைசெய்ய வகைதேடினார்கள். குமாரன் என்று சொன்னது சமம் என்று சொன்னதாகவே அவர்கள் காதில் விழுந்தது. போர்டில் எழுதிய இரண்டு கேள்வியும் இந்த வசனத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன.

அதோடு நிறுத்திவிட வேண்டாம். 19-ஆம் வசனம் தலைகீழாகத் தோன்றும்: பிதா செய்யக் காண்கிறதையன்றிக் குமாரன் தாமாய் ஒன்றும் செய்யமாட்டார். கெட்டிக்காரப் பிள்ளை உடனே "அப்போ அவர் கீழேதானே?" என்று கேட்கும். அந்த வசனத்தின் கடைசிப் பகுதியையும் வாசிக்கச் சொல்லுங்கள். பிதா எவைகளைச் செய்கிறாரோ "அவைகளைக் குமாரனும் அந்தப்படியே செய்கிறார்." உயிர்ப்பிக்கிறார், நியாயந்தீர்க்கிறார். 23-இல், பிதாவைக் கனம்பண்ணுகிறதுபோலவே எல்லாரும் குமாரனையும் கனம்பண்ண வேண்டும். 26-இல், பிதா தம்மில்தாமே ஜீவனுடையவராயிருப்பதுபோல, குமாரனும் தம்மில்தாமே ஜீவனுடையவராயிருக்கும்படி அருளியிருக்கிறார். நமக்கெல்லாம் உயிர் கடன் வாங்கியது. தம்மில்தாமே ஜீவனுடையவர் தேவன் ஒருவரே. அதைக் குமாரன் பிதாவிடமிருந்து பெறுகிறார், ஆனால் முழுமையாகவே பெறுகிறார். பெறுவதால் குமாரன். பெற்றது முழுத் தெய்வத்துவம் என்பதால் தேவன். பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

இதற்குப் பிறகு யோவான் முதல் அதிகாரத்துக்குத் திரும்பினால் எளிதாக இருக்கும். "அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது." வார்த்தை என்று யோவான் சொல்வது குமாரனை. தேவனிடத்தில் இருந்தது என்பதால் பிதா வேறு, குமாரன் வேறு. தேவனாயிருந்தது என்பதால் தேவன் ஒருவரே. புத்தகத்தின் முடிவிலும் இதே ஜோடி வருகிறது. 20:28-இல் தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறார், இயேசு அவரைத் திருத்தவில்லை. அடுத்து 31-ஆம் வசனத்தில், இயேசு தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து என்று நீங்கள் விசுவாசிக்கவே இதை எழுதினேன் என்கிறார் யோவான். "தேவன்" என்ற அறிக்கையும் "தேவனுடைய குமாரன்" என்ற அறிக்கையும் ஒரே பத்தியில், எந்தச் சங்கடமும் இல்லாமல் இருக்கின்றன.

கடினமான வசனங்களை நீங்களே எடுத்து முன்னால் வையுங்கள். வேறு யாரோ காட்டும்வரை மறைத்துவைத்தால், ஏமாற்றப்பட்டோம் என்று பிள்ளை நினைக்கும். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28). அந்த நாளையும் நாழிகையையும் "குமாரனும் அறியார்" (மாற்கு 13:32). இவற்றோடு பிலிப்பியர் 2:6-8-ஐச் சேர்த்து வாசியுங்கள். தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்தார். அவர் உண்மையாகவே மனிதரானார். பசித்தார், களைத்துத் தூங்கினார், அழுதார். மனிதராகப் பேசும்போது பிதா பெரியவர்தான். 451-இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் இதைத்தான் வகுத்தது: ஒரே கிறிஸ்துவில் தெய்வத் தன்மையும் மனிதத் தன்மையும் ஒன்றோடொன்று கலவாமலும், மாறாமலும், பிரியாமலும் இருக்கின்றன. பாதி தேவன், பாதி மனிதன் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. முழுத் தேவன், முழு மனிதன்.

பிள்ளைகள் சோர்ந்துவிட்டால் கதைக்கு வாருங்கள், சரியாக இருக்கும். அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற மூப்பர் இருந்தார். நல்ல பேச்சாளர், தம் போதனையைப் பாட்டாகவே கட்டிப் பரப்பினார். அவருடைய வாதம் எளிமையானது: தகப்பன் பெற்றார் என்றால் மகனுக்கு ஒரு தொடக்கம் உண்டு, அப்படியென்றால் குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது, ஆகவே அவர் படைப்புகளில் முதன்மையானவர், தேவன் அல்ல. இதைத் தீர்க்கத்தான் கான்ஸ்டன்டைன் பேரரசர் 325-இல் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்கிற ஊர் அது. அங்கே எழுதி, 381-இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் விரிவாக்கியதைத்தான் திருவிருந்து ஆராதனையில் எழுந்து நின்று சொல்கிறோம்: "மெய்தேவனில் மெய்தேவன்", "சிருஷ்டிக்கப்படாமல் ஜெநிப்பிக்கப்பட்டவர்" (படைக்கப்படாமல் பிதாவிடமிருந்து பிறந்தவர்), "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்".

ஆரியுவுக்குப் பதில் என்ன? நிசேயாவுக்கு உதவிக்காரராக (ஆயருக்குத் துணைநிற்கும் சபை ஊழியர்) வந்து, 328-இல் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியு இதற்கே வாழ்நாளைக் கொடுத்தார். ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். தேவன் எப்போதும் பிதாவாக இருந்தார் என்றால் குமாரனும் எப்போதும் இருந்திருக்க வேண்டும் என்பது ஒரு வாதம். ஒரு நாள்தான் பிதா ஆனார் என்றால், தேவன் மாறிவிட்டார் என்று ஆகிவிடும். இன்னொரு வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆரியுவின் ஆட்களும் இயேசுவைத் தொழுதார்கள். அவர் படைக்கப்பட்டவர் என்றால் அந்தத் தொழுகை விக்கிரக ஆராதனை. அதோடு, படைக்கப்பட்ட ஒருவரால் நம்மைத் தேவனோடு சேர்க்கவும் முடியாது. பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: "நீ இரவில் இயேசுவே என்று ஜெபிக்கிறாயே, அது சரியா தப்பா?"

தவிர்க்க வேண்டிய ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை விளக்க, தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உதாரணம் பல ஓய்வுநாள் பள்ளிகளில் ஓடுகிறது. அதை விட்டுவிடுங்கள். ஒரே ஆள் வீட்டில் அப்பா, ஆபீசில் அதிகாரி என்பதும் வேண்டாம். ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்றுதான் இவை சொல்லிக்கொடுக்கின்றன. அது சபை ஆதியிலேயே தள்ளிய போதனை. யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றுக் குமாரன் தண்ணீரில் நிற்கும்போதே வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்கிறது, ஆவியானவர் இறங்குகிறார். பிடிபடும் முன் கெத்செமனே தோட்டத்தில் அவர் யாரிடம் ஜெபித்தார், தம்மிடமேயா?

நண்பர்கள் கேட்பதற்கும் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துங்கள். முஸ்லிம் தோழன், இறைவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்ற குர்ஆனின் 112-ஆம் அத்தியாயத்தைச் சொல்வான். அவனிடம் சண்டை போட வேண்டாம். தேவனுக்கு மனைவி இருந்து பிள்ளை பிறந்தது என்று நாங்களும் நம்பவில்லை, அப்படிச் சொன்னால் எங்களுக்கும் அது தூஷணம்தான் என்பதை முதலில் சொல்லட்டும். நாம் சொல்லும் குமாரத்துவம் பெத்லகேமில் தொடங்கியதும் அல்ல, உலகம் உண்டாகும் முன்னே உள்ளது (யோவான் 17:5). இந்துத் தோழி "அவதாரம் மாதிரியா?" என்று அன்போடு கேட்பாள். தேவன் இறங்கி வந்தார் என்ற வரையில் ஒற்றுமை உண்டு என்று ஒத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் அறிக்கையிடுவது ஒரே ஒரு தரம், ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் நடந்தது. எடுத்த மனித உடலை அவர் கழற்றிப் போடவில்லை, உயிர்த்தெழுந்து இன்றும் மனிதராகவே பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறார்.

அடுத்த வகுப்புக்கு வீட்டுப்பாடம் யோவான் 17. "பிதாவே" என்று வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு இடத்திலும் குமாரன் என்ன கேட்கிறார் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். 5-ஆம் வசனத்துக்கும் 24-ஆம் வசனத்துக்கும் கொஞ்சம் அதிக இடம் விடச் சொல்லுங்கள், அங்கேதான் நிறையக் கேள்வி வரும்.