ஆறு ஆதாரங்கள்: சக்கரத் தியானத்தைக் கீழிருந்து தொடங்குங்கள்

சக்கரத் தியானம் பழகுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மனதை எந்த இடத்தில் வைக்கிறீர்கள்? பெரும்பாலும் புருவ மத்தி என்றுதான் பதில் வரும். நானும் அங்கேதான் தொடங்கினேன். மூன்றாவது கண் என்ற பேச்சுக்கே அப்படி ஓர் இழுப்பு உண்டு. கண்ணை மூடி, விழிகளை மேலே உருட்டி, நெற்றிக்குள் ஏதாவது ஒளி தெரிகிறதா என்று இரண்டு வாரம் உற்றுப் பார்த்ததில் கிடைத்தது தலைபாரமும் தூக்கம் வராத இரவுகளும்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எதையும் விளக்கவில்லை. என் வலது கையை எடுத்து என் அடிவயிற்றிலேயே வைத்து, "மூச்சு இங்க வருதா பாருங்க" என்றார். வரவில்லை, நெஞ்சோடு நின்று திரும்பிவிட்டது. "முதல்ல அது இறங்கட்டும். ஏறுறதை அப்புறம் பேசலாம்."

புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். சக்கரங்களில் மேலே போவதற்கு முன்னால் கீழே இறங்கத் தெரிய வேண்டும்.

சரி, சக்கரம் என்றால் என்ன? அது உடலில் இருக்கும் உறுப்பு அல்ல. அறுத்துப் பார்த்தால் தாமரை எதுவும் கிடைக்காது, யோக நூல்களும் அப்படிச் சொல்லவில்லை. அவை பேசுவது நுண்ணுடலைப் பற்றி. பிராணன் ஓடும் வழிகளை நாடிகள் என்பார்கள், 72,000 என்பது பழைய கணக்கு. அதில் நமக்கு வேண்டியது மூன்று: இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, நடுவே முதுகுத்தண்டின் வழியாகச் சுழுமுனை. சுழுமுனையில் பிராணனும் மனமும் சேர்ந்து தங்கும் ஆறு இடங்களைத்தான் சக்கரங்கள் என்கிறோம். சித்தர் மரபில் ஆதாரம் என்பார்கள், ஆறாதாரம். எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கும். சக்கரம் என்றதும் அதைச் சுற்றவைக்க வேண்டும், திறந்துவிட வேண்டும் என்று மனம் பரபரக்கிறது. ஆதாரம் என்றால் தாங்கும் இடம். அலையும் மனம் பிடித்துக்கொண்டு நிற்க உடம்புக்குள்ளேயே ஆறு பிடிமானம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் பாதி பரபரப்பு அடங்கிவிடும்.

ஏழு என்றுதானே கேள்விப்பட்டோம் என்பீர்கள். உச்சந்தலையில் ஆயிரம் இதழ்த் தாமரையாகச் சொல்லப்படும் சகஸ்ராரத்தைச் சேர்த்தால் ஏழு. ஆனால் மரபில் அதை ஆறோடு ஒன்றாக எண்ணுவதில்லை, அது போய்ச் சேரும் இடம். ஆறின் இதழ்களையும் கூட்டிப் பாருங்கள்: மூலாதாரம் 4, சுவாதிட்டானம் 6, மணிபூரகம் 10, அநாகதம் 12, விசுத்தி 16, ஆக்ஞை 2. மொத்தம் 50. சமஸ்கிருத எழுத்துகளும் ஐம்பது என்ற கணக்கில், இதழுக்கு ஓர் எழுத்து. மொழி முழுவதும், அதாவது நாம் நினைக்கவும் பேசவும் முடிந்த எல்லாமே, இந்த ஆறுக்குள் அடங்கிவிடுகிறது. அதைத் தாண்டினால் பேச்சு இல்லை. இதழ் எண்ணிக்கைக்குப் பின்னால் இப்படி ஒரு கருத்து இருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்கு அந்தப் படங்கள் எல்லாமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன.

மூலாதாரத்தில்தான் நீங்கள் அதிக நாள் இருக்கப் போகிறீர்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இடம் எது என்பதற்குத் திருமூலர் விரல் கணக்கே சொல்கிறார்: எருவாய்க்கு (மலவாய்) இரண்டு விரல் மேலே, கருவாய்க்கு (பிறப்புறுப்பு) இரண்டு விரல் கீழே. நமக்குள் விழிக்காமல் இருக்கும் சக்தியான குண்டலினி மூன்றரைச் சுற்றாகச் சுருண்ட பாம்பாக உறங்குவதாகச் சொல்லப்படுவது இங்கேதான். தமிழ் மரபில் இதன் தெய்வம் பிள்ளையார். ஔவையின் விநாயகர் அகவலை வெறும் துதியாக நினைத்து ஓதியிருப்போம். உண்மையில் அது ஒரு யோகப் பாடம், மூலாதாரத்துக் கனலைக் 'காலால்' எழுப்புவதை அதில் பாடுகிறார். அங்கே கால் என்பது பாதம் இல்லை, காற்று. மூச்சால் எழுப்புவது. கனல் ஏற்கெனவே இருக்கிறது, ஊதத் தெரிந்தால் போதும். அடுப்பு ஊதியவர்களுக்குத் தெரியும், பலமாக ஊதினால் சாம்பல்தான் முகத்தில் அடிக்கும், நிதானமாக ஒரே சீராக ஊதினால்தான் தீ பிடிக்கும். பிராணாயாமத்துக்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியாது.

அதற்கு மேலே குறியின் வேருக்கு நேராகச் சுவாதிட்டானம், ஆசையும் இன்பமும் சார்ந்த இடம். அதற்கும் மேலே தொப்புளுக்கு நேராக மணிபூரகம். இது எல்லோரும் அன்றாடம் உணர்கிற இடம்தான், பெயர் மட்டும் தெரியாது. யாராவது சுருக்கென்று ஒரு வார்த்தை சொன்னால், பதில் வாய்க்கு வருவதற்கு முன்பே தொப்புளுக்குச் சற்று மேலே ஓர் இறுக்கம் வருகிறதே, அதைக் கவனித்ததுண்டா? அடுத்த முறை வரும்போது ஒரே ஒரு மூச்சு அந்த இறுக்கத்தோடு இருந்து பாருங்கள். மனதில் கோபம் பேச்சாக மாறுவதற்குள் அது உடம்பில் எங்கே பிடித்தது என்று தெரிந்துவிடும். ஆதாரத் தியானத்தின் பலன் கண்ணை மூடி உட்காரும் இருபது நிமிடத்தில் தெரிவதைவிட இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும்.

அநாகதம் நெஞ்சின் நடுவில். அநாகதம் என்றால் அடிக்கப்படாதது. இரண்டு பொருள் மோதாமல் எழும் ஓசை என்று பொருள். நெஞ்சில் கவனம் வைத்தவுடன் சிலருக்குக் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். வரட்டும், துடைத்துவிட்டுத் தொடருங்கள். அதற்குக் கதை தேட வேண்டாம். தொண்டைக்குழிக்கு நேராக விசுத்தி, புருவ மத்தியில் ஆக்ஞை. இவற்றைப் பற்றி இப்போது நிறையத் தெரிந்துகொள்வதால் பெரிய பயன் இல்லை, கீழே நிற்கத் தெரிந்தவருக்கு அவை தானாகவே பிடிபடும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொப்புள், நெஞ்சு, தொண்டை என்று முன்பக்கத்தை அடையாளத்துக்குச் சொன்னாலும் ஆதாரம் இருப்பது பின்னால், முதுகுத்தண்டில். முன்னால் தொட்டு, கவனத்தை அங்கிருந்து பின்னுக்குக் கொண்டுபோங்கள்.

ஆன்மிக வளர்ச்சியில் இவற்றின் பங்கு என்ன என்பதற்கு மரபு சொல்லும் பதில் 'லயம்'. மண் நீரில் கரைகிறது, நீர் நெருப்பில், நெருப்பு காற்றில், காற்று வெளியில், வெளி மனதில் என்று கனமானது நுட்பமானதில் ஒடுங்கிக்கொண்டே போவது. பூதசுத்தி என்பது இதுதான். வழியில் மூன்று முடிச்சுகளையும் சொல்வார்கள். பரவலாகச் சொல்லப்படும் வரிசையில் பிரம்ம முடிச்சு மூலாதாரத்தில், விஷ்ணு முடிச்சு அநாகதத்தில், ருத்ர முடிச்சு ஆக்ஞையில். நான் புரிந்துகொண்ட அளவில், முதலாவது உடம்பு, உடைமை பற்றிய பயம். இரண்டாவது மனிதர்கள் மேல் உள்ள பிடிப்பு. மூன்றாவது நான் ஞானி, எனக்குத் தெரிகிறது என்ற நினைப்பு. முதல் முடிச்சு அப்படியே இருக்கும்போது மூன்றாவதை அவிழ்க்கப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். எந்த ஆதாரத்துக்கு எந்தப் பூதம் என்று தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு பட்டியல் கிடைக்கும். வங்காளத் தாந்திரிகர் பூர்ணானந்தர் 1577-ல் எழுதிய ஷட்சக்ர நிரூபணம் என்ற சமஸ்கிருத நூலில் மூலாதாரம் மண், சுவாதிட்டானம் நீர், மணிபூரகம் தீ, அநாகதம் காற்று, விசுத்தி ஆகாயம். தமிழ்ச் சித்தர் மரபில் மண் சுவாதிட்டானத்தில் தொடங்கி ஆக்ஞையில் ஆகாயமாக முடியும், மூலாதாரத்துக்கு ஓங்காரமும் மற்ற ஐந்துக்கும் ந, ம, சி, வ, ய என்ற ஐந்தெழுத்தும். இரண்டும் சரிதான், இரண்டும் தியானத்துக்கான வரைபடங்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள். ஆனால் சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வானவில் நிறங்கள் பழைய நூல்களில் இல்லை, அந்த வரிசை 20-ஆம் நூற்றாண்டில் மேற்கில் சேர்ந்தது. பூர்ணானந்தர் சொல்லும் மூலாதாரத்தின் சதுரம் மஞ்சள், அநாகதத்தின் அறுகோணம் புகை நிறம். ஆகவே நிறம் தெரியவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி பயிற்சி. வயிறு காலியாக இருக்கும் நேரம் நல்லது, விடியற்காலை என்றால் இன்னும் நல்லது. சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரமாவது போகட்டும். சம்மணமிட்டு உட்காருங்கள், பிட்டத்துக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்தால் முழங்கால்கள் இறங்கும், முதுகு தானாக நிமிரும். கீழே உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் சாயாமல், பாதம் தரையில் பதிய உட்காரலாம், எந்தக் குறையும் இல்லை.

முதல் ஐந்து நிமிடம் ஒரு கையை அடிவயிற்றில் வைத்து மூச்சைப் பார்ப்பது மட்டும். இழுக்கும்போது கை வெளியே தள்ளப்பட வேண்டும், விடும்போது உள்ளே போக வேண்டும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கினால் தோளைத் தளர்த்தி, மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டுக் காத்திருங்கள், அடுத்த மூச்சு தானாகவே கீழே போகும். இது சரியாக வர சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகட்டும்.

அப்புறம் நாடி சுத்தி. வலது கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடது வழியாக இழுத்து, மோதிர விரலால் இடதை மூடி வலது வழியாக விடுங்கள். பிறகு வலது வழியாக இழுத்து இடது வழியாக விட்டால் ஒரு சுற்று. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடலாம். ஒன்பது சுற்று போதும். மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் கும்பகம் வேண்டவே வேண்டாம், அதை நேரில் ஒருவரிடம்தான் கற்க வேண்டும்.

இப்போது மூலாதாரம். இடம் தெரியவில்லை என்றால் எருவாய்த் தசையை இலேசாக மேலே சுருக்கி, உடனே விட்டுவிடுங்கள். விட்ட பிறகும் ஒரு கணம் அங்கே ஓர் உணர்வு தங்கும், மெல்லிய துடிப்பு மாதிரி. அதுதான் இடம். சுருக்கிப் பிடித்துக்கொண்டே உட்காராதீர்கள். அந்த உணர்வில் கவனத்தை வைத்து, மூச்சை விடும்போது மனதுக்குள் 'லம்' என்று சொல்லுங்கள், 'ம்' நீண்டு தேயட்டும். சைவ மரபில் வந்தவர்கள் ஓங்காரத்தை வைத்துக்கொள்ளலாம். கவனம் ஓடும், ஓடியது தெரிந்ததும் திரும்ப வாருங்கள், ஓடியதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். பத்து நிமிடம் போதும். இதையே ஒரு மண்டலம், அதாவது 48 நாள் செய்யுங்கள். அலுத்துப்போகும், பாதியில் அடுத்ததுக்குத் தாவலாமா என்று தோன்றும். அந்த அலுப்போடும் உட்காருவதுதான் மூலாதாரப் பயிற்சி என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக மேலே: சுவாதிட்டானத்துக்கு வம், மணிபூரகத்துக்கு ரம், அநாகதத்துக்கு யம், விசுத்திக்கு ஹம், ஆக்ஞைக்கு ஓம். எந்த ஆதாரத்தில் இருந்தாலும் மூலாதாரத்தில் இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள், முடிக்கும்போது அங்கேயே திரும்பி வாருங்கள். சகஸ்ராரத்துக்குத் தனிப் பயிற்சி எதையும் நான் சொல்ல மாட்டேன்.

எட்டு உறுப்பு யோகத்தில் இயமமும் நியமமும், அதாவது பொய் சொல்லாமை, தூய்மை போன்ற ஒழுக்கங்கள், முதலில் வருவதை மறக்காதீர்கள். பொய் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்த நாளில் மனம் நிற்காது, சோதித்துப் பார்க்கலாம்.

சில எச்சரிக்கைகள். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள், கும்பகம் பக்கமே போகக் கூடாது. இயல்பான மூச்சோடு கவனம் வைப்பது போதும். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். உடம்பு சூடாவது, முதுகில் ஊர்வது போலிருப்பது, இலேசான நடுக்கம் இதெல்லாம் சிலருக்கு வந்துபோகும், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தூக்கம் கெட்டாலோ காரணமில்லாத பயம் நாள் முழுக்கத் தொடர்ந்தாலோ உட்காருவதை நிறுத்திவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, வெறும் காலில் நடங்கள், வீட்டு வேலை செய்யுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், தொண்டையில் கட்டி இருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. அதை விசுத்தியில் அடைப்பு, நான் சரிசெய்கிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

பயிற்சி முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம். கவனத்தை மூலாதாரத்துக்குக் கொண்டுவந்து, தரை உங்களைத் தாங்குவதை உணர்ந்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக் கண்களின் மேல் வையுங்கள். கைகளுக்குள்ளேயே கண்ணைத் திறந்து, பிறகு கைகளை எடுங்கள். கைபேசியைத் தொடுவதற்கு இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும்.