தலைக்கு மேல் நாசகாரி: சைலன்ட் ஹண்டர் 3 விளையாட்டில் உயிர் பிழைப்பது எப்படி?

சைலன்ட் ஹண்டர் 3 ஆடத் தொடங்கும் எல்லோரும் டார்பிடோவைக் குறிவைக்கத்தான் முதலில் பழகுகிறார்கள். நானும் அப்படித்தான். நான் அடித்த சரக்குக் கப்பல் மூழ்குவதை பெரிஸ்கோப் வழியாக ரசித்துக்கொண்டிருந்தேன். 'பிங்… பிங்…' என்று ஏதோ கேட்டது. அதைப் பொருட்படுத்தவில்லை. கால் மணி நேரத்தில் கப்பலோடு கடலடியில் கிடந்தேன்.

2005-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட, நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டும் பழைய கணினி விளையாட்டு இது. இந்தப் பதிவு, நீர்மூழ்கியை வேட்டையாடும் போர்க்கப்பலான நாசகாரி தலைக்கு மேல் வரும் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தைப் பற்றியது மட்டுமே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மிக அதிகமாகக் கட்டிய டைப் 7சி நீர்மூழ்கியை வைத்தே விளக்குகிறேன்.

படி 1: ஆழமானியோடு பழகுங்கள்

திரையின் கீழ் வலது மூலையில் ஆழமானி இருக்கும். அதற்கு இரண்டு முகங்கள்: ஒன்று மேல்மட்ட ஆழத்துக்கு, இன்னொன்று அடியாழத்துக்கு. முள் நிற்க வேண்டிய இடத்தில் சொடுக்கினால் கப்பல் அந்த ஆழத்துக்குப் போகும். எந்த முகம் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொடுக்குங்கள். நான் ஒருமுறை 20 மீட்டர் என்று நினைத்துக் கொடுத்த கட்டளை 200 மீட்டராகிவிட்டது. அடியில் அவ்வளவு தண்ணீர் இல்லை.

அதனால் தாக்குதலுக்கு முன்பே கப்பலுக்கு அடியில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று மாலுமியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் 50 மீட்டர்கூடக் கிடையாது. அங்கே வேட்டைக்குப் போனால் ஒளிய இடமில்லை. புதியவர்கள் நடு அட்லாண்டிக்கை விட்டு வராதிருப்பதே நல்லது.

படி 2: வேகத்தோடு மூழ்குங்கள்

அவசரமாக மூழ்க 'சி' விசை. உண்மையான 7சி நீர்மூழ்கி நீர்மட்டத்திலிருந்து மறைய ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். பல்லாஸ்ட் தொட்டிகளில் தண்ணீர் நிரம்பியதும் கப்பல் கல்லைப்போல் இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தொட்டிகள் நிரம்பிய பிறகு கப்பல் மிதக்கவும் மிதக்காது, மூழ்கவும் மூழ்காது என்ற நிலைக்கு வருகிறது. அதற்குப் பிறகு மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் முன்னும் பின்னும் உள்ள கிடைச் சுக்கான்களின் வேலை. பட்டம் நிற்கக் காற்று வேண்டும் என்பதுபோல, அந்தச் சுக்கான்கள் வேலை செய்ய அவற்றின்மீது நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே, வேகம் குறைந்தால் ஆழத்தின்மீதுள்ள பிடியும் தளரும். இறங்கும்போது விசையைக் குறைக்காதீர்கள். விரும்பிய ஆழம் வந்த பிறகு மெதுவாக்குங்கள்.

எவ்வளவு ஆழம்? 7சி நீர்மூழ்கியின் சோதனை ஆழம் 230 மீட்டர். 250 முதல் 295 மீட்டருக்குள் கூடு நொறுங்கும் என்று கணக்கு. நான் 160 முதல் 180 வரை போவேன். அதற்குக் கீழே போக நேர்ந்தால் பத்துப் பத்து மீட்டராக இறங்குங்கள். ஏற்கெனவே அடிபட்ட கூடு இந்த எண்களை மதிக்காது.

படி 3: வாலைக் காட்டுங்கள், சத்தத்தை அடக்குங்கள்

மேலே நாசகாரியில் இருப்பவருக்கு இரண்டு காதுகள். ஒன்று ஹைட்ரோபோன்: உங்கள் சத்தத்தைக் கேட்பது. மற்றது ஆஸ்டிக், அதாவது சோனார்: தானே ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிப்பது. முதலாவதை ஏமாற்ற 'இசட்' விசையை அழுத்தி அமைதி ஓட்டத்துக்கு மாறி, வேகத்தை 2 நாட் (மணிக்கு 2 கடல்மைல்) அளவில் வையுங்கள். டார்பிடோ ஏற்றுவதும் பழுது பார்ப்பதும் நின்றுவிடும். அதற்காக வருத்தப்படாதீர்கள்.

இரண்டாவதை ஏமாற்றுவது கப்பலின் கோணம். 67 மீட்டர் நீளமுள்ள பக்கத்தைக் காட்டினால் எதிரொலி பலமாகத் திரும்பும். மூக்கையோ வாலையோ காட்டினால் எதிரொலி மெலியும். நாசகாரி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஹைட்ரோபோன் ஆளிடம் கேட்டு, அதற்கு வாலைத் திருப்புங்கள்.

படி 4: அந்த அறுபது நொடி

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஆஸ்டிக்கின் ஒலிக்கற்றை முன்னோக்கிச் சாய்வாகப் போகிறது. நாசகாரி நெருங்க நெருங்க, நீங்கள் அந்தக் கற்றைக்குக் கீழே போய்விடுகிறீர்கள். நீங்கள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அவர் உங்களைத் தவறவிடுவார். கடைசிச் சில நூறு மீட்டரை அவர் ஊகத்தில்தான் கடக்கிறார். குண்டு போடும் வேளையில் அவருக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அவருடைய இயந்திர இரைச்சலே அவர் காதை அடைத்துவிடும்.

இனி கணக்கு. பிரிட்டிஷ் மார்க் 7 ஆழ்வெடிகுண்டு நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வீதம் இறங்கும். 60 மீட்டரில் இருந்தால் உங்களுக்கு 20 நொடி. 180 மீட்டரில் இருந்தால் 60 நொடி. 7 நாட் வேகம் என்றால் நொடிக்கு 3.6 மீட்டர். முழு வேகத்தை எட்டச் சற்று நேரம் பிடிக்கும் என்றாலும், ஒரு நிமிடத்தில் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடலாம். குண்டு கூட்டைப் பிளக்க அது ஏழெட்டு மீட்டருக்குள் வெடிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். பிங் ஒலிகளுக்கு இடையிலுள்ள நேரம் குறைந்துகொண்டே வரும். பிறகு சுழலியின் இரைச்சல் தலைக்கு மேல் கேட்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். சீக்கிரமே திரும்பினால் அவரும் திருத்திக்கொள்வார். குண்டுகள் நீரில் விழும் ஓசை கேட்டவுடன் முழு வேகம், சுக்கான் முழுத் திருப்பம், ஆழத்தில் 20 மீட்டர் மாற்றம். வெடிப்பு ஓய்வதற்குள் மீண்டும் 2 நாட். வெடியின் இரைச்சலும் கலங்கிய நீரும் சில நிமிடங்களுக்கு உங்களை மறைக்கும்.

இரண்டு நாசகாரிகள் வந்தால் இந்தத் தந்திரம் பாதிதான் பலிக்கும். ஒன்று தொலைவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும், மற்றது வந்து குண்டு போடும். பிரிட்டிஷ் கேப்டன் ஃபிரெடெரிக் ஜான் வாக்கர் இதை ஒரு கலையாகவே ஆக்கினார். குண்டு போடும் கப்பல் ஆஸ்டிக்கை அணைத்துவிட்டு மெல்ல ஊர்ந்து வரும். கீழே இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. அப்படிப்பட்ட சூழலில் முழு வேகத்தை வெடிக்கும் நொடிகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

போரின் பிற்பகுதிப் பயணங்களில் ஹெட்ஜ்ஹாக் வரும். 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் வீசும் கருவி அது. பட்டால்தான் வெடிக்கும். அதை வீசும்போது அவர் இன்னும் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனவே அங்கே தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

படி 5: பொறுமை, பேட்டரி

ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக விலகுங்கள். வட்டமடிப்பவர்கள் அங்கேயே சாவார்கள். 7சி நீர்மூழ்கி 4 நாட் வேகத்தில் ஏறத்தாழ 80 கடல்மைல் போகும், அதாவது 20 மணி நேரம். முழு வேகத்தில் ஓடினால் பேட்டரி கண்முன்னே கரையும். 1944 மார்ச் 1-இல் மூழ்கடிக்கப்பட்ட யூ-358 நீர்மூழ்கியை பிரிட்டிஷ் கப்பல்கள் 38 மணி நேரம் துரத்தின. உங்களை அவ்வளவு நேரம் துரத்த மாட்டார்கள் என்று நம்புவோம்.

தண்ணீர் உள்ளே வந்தால் கப்பல் கனமாகி முள் தானாக இறங்கும். முதலில் வேகத்தைச் சற்றுக் கூட்டிக் கிடைச் சுக்கான்களால் தாங்கிப் பிடியுங்கள். அமைதி ஓட்டத்தை நிறுத்திப் பழுதுபார்க்க விடுங்கள். அழுத்தக் காற்றால் தொட்டிகளிலுள்ள நீரை வெளியேற்றுவது கடைசி வழி. அது ஊரையே எழுப்பும்.

படி 6: மேலே வருவது

கடைசி பிங் ஒலி கேட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். பிறகு மெதுவாகப் பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து, முழு வட்டம் சுற்றிப் பாருங்கள். ஹைட்ரோபோனில் எதுவும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் ஒருமுறை நேராக நீர்மட்டத்துக்கு எழுந்தேன். கோபுரத்தில் ஏறிப் பார்த்தால், இயந்திரத்தை நிறுத்திவிட்டு, 800 மீட்டர் தொலைவில் ஒரு நாசகாரி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.