ரோமை வீட்டிலிருந்தே சுற்றிப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

பண்டைய ரோம் மேல் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது நல்ல காலம். விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம். கொலோசியம் அரங்கத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்க்கலாம், எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பே (Pompeii) நகரத் தெருக்களில் மவுஸைப் பிடித்தபடி நடக்கலாம். ஆனால் பார்க்கப் பார்க்க ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. திரையில் தெரிவதெல்லாம் மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது என்று நம்பிவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

விர்ச்சுவல் டூரில் இரண்டு வகை உண்டு. இன்றைய இடிபாடுகளை 360 டிகிரி படமாகக் காட்டுவது ஒன்று. அன்றைய நகரம் எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் கட்டிக் காட்டுவது இன்னொன்று. கவனம் வேண்டியது இரண்டாவதில். பெயர்பெற்ற ‘ரோம் ரீபார்ன்’ மாதிரியையே எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 7,000 கட்டடங்கள். ஆதாரத்தோடு விவரமாக வரைய முடிந்தவை சில நூறுதான். மற்றவை, அந்த வட்டாரத்தில் எப்படிப்பட்ட கட்டடங்கள் இருந்தன என்ற பொதுவான அறிவை வைத்து நிரப்பியவை. செய்தவர்கள் இதை மறைக்கவில்லை. இரண்டையும் தனித்தனி வகையாகவே பிரித்து வைத்தார்கள். பார்க்கிற நாம்தான் மறந்துபோகிறோம்.

நிரப்புவதற்கும் ஓர் அடிப்படை உண்டு. பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில், கி.பி. 203க்கும் 211க்கும் இடையில், நகரத்தின் வரைபடத்தை 150 பளிங்குப் பலகைகளில் செதுக்கி ஒரு சுவர் முழுக்கப் பதித்தார்கள். ஏறக்குறைய 18 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரம். கடைகள், தூண்கள், மாடிப்படிகள் வரை அதில் இருந்தன. இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். 1562இல் துண்டுகள் கிடைக்கத் தொடங்கின. எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்ற தேடல் இன்றும் முடியவில்லை. ஒரு தெருவுக்குத் துண்டு கிடைத்திருந்தால் மாதிரியில் அந்தத் தெருவை நம்பலாம். பக்கத்துத் தெருவுக்கு எதுவும் கிடைக்கவில்லையென்றால் அது ஊகம். திரையிலோ இரண்டுக்கும் ஒரே பளபளப்பு. எது சான்று, எது ஊகம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது, இத்தகைய கணினி மாதிரிகளுக்காக எழுதப்பட்ட லண்டன் சாசனத்தின் அடிப்படை விதி. அப்படி ஒரு விளக்கம் எங்குமே இல்லாத டூரை வீடியோ கேம் போல ரசியுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த தவறு, ஆண்டைக் கேட்காமல் நுழைவது. ரோம் ரீபார்ன் காட்டுவது கி.பி. 320ஆம் ஆண்டு நகரத்தை. ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44இல். அவரை இந்த மாதிரிக்குள் இறக்கிவிட்டால் வழி தெரியாமல் நிற்பார். கொலோசியம், பாந்தியன் கோயில், திராயன் சந்தை எதையும் அவர் கண்டதில்லை. நமக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் இருக்கிறது. நகரத்தின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரத்துக்குப் பக்கத்தில் பேரரசர் டொமிஷியன் மிளகுக் கிடங்கு ஒன்று கட்டினார். முசிறி போன்ற துறைமுகங்களில் கப்பலேறிய மிளகுக்கு அங்கே அவ்வளவு தேவை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் மாக்சென்டியஸ் தன் பிரம்மாண்டமான பசிலிக்காவை, அதாவது பொது மண்டபத்தை, அந்தக் கிடங்கின் மேலேயே எழுப்பினார். ஆகவே 320ஆம் ஆண்டு மாதிரியில் எவ்வளவு சுற்றினாலும் மிளகுக் கிடங்கு கண்ணில் படாது; அது பசிலிக்காவின் காலடியில் கிடக்கிறது.

கொலோசியத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். இன்றைய படங்களில் நடுவில் தெரிகிற சுவர்ச் சிக்கலைத்தான் சண்டை நடந்த களம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தரைக்கு அடியில் இருந்த பகுதி. மேலே மரத்தளம், அதன் மேல் மணல். அந்தத் தளம் போய்விட்டது. அதுவும் அந்தச் சுரங்க அறைகள், கி.பி. 80இல் பேரரசர் டைட்டஸ் திறந்துவைத்த பிறகு அவர் தம்பி டொமிஷியன் காலத்தில் சேர்ந்தவை என்பதே பொதுவான கருத்து. திறப்பு விழாக் காட்சி என்று சொல்லிவிட்டு, கீழ் அறைகளிலிருந்து கையால் இயக்கும் லிஃப்டில் சிங்கம் ஏறி வந்தால் சந்தேகப்படலாம்.

சரி, ஊகமே வேண்டாம், இடிபாடுகளின் நிஜப் படத்தை மட்டும் பார்ப்போம் என்றால் அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. கல்லாக இருப்பதாலேயே அது பழையது ஆகிவிடாது. ரோமில் உள்ள டைட்டஸ் வெற்றி வளைவின் நடுப்பகுதி மட்டுமே பண்டையது. ஓரங்களை 1820களின் தொடக்கத்தில் வலாதியே என்ற கட்டடக் கலைஞர் மீட்டுக் கட்டினார். பழையது பளிங்கு என்பதால், புதிதாகச் சேர்த்ததை வேண்டுமென்றே டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல்லில் கட்டினார், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியட்டும் என்று. இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், திரையிலேயே இரண்டும் தெரியும். பாம்பேயில் எல்லாம் இவ்வளவு தெளிவாக இல்லை. அங்குள்ள கூரைகளில் பெரும்பாலானவை நவீன காலத்தில் போட்டவை. 1943இல் விழுந்த குண்டுகளால் சேதமானவற்றை மீண்டும் கட்டிய இடங்களும் உண்டு.

பாம்பேயின் மனித உருவங்களைப் பற்றிச் சுற்றுலா ஆடியோக்கள் சொல்லும் கதைகளையும் அப்படியே விழுங்க வேண்டாம். உடல்கள் மட்கிச் சாம்பலில் உண்டான வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த வார்ப்புகள் அவை. 1863இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி தொடங்கிவைத்த முறை. தங்கக் காப்பு அணிந்த ஒருவரும் அருகில் ஒரு குழந்தையும் இருந்ததைப் பார்த்து, தாயும் பிள்ளையும் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வில் அந்தப் பெரியவர் ஆண், குழந்தைக்கு உறவே இல்லை என்று தெரிந்தது. காப்பு என்றால் பெண், பக்கத்தில் குழந்தை என்றால் தாய் என்று நாமே கட்டிய கதை.

கல்வெட்டைப் படித்துவிட்டால் தேதி கிடைத்துவிட்டது என்ற நினைப்பும் ஆபத்து. பாந்தியனின் முகப்பில் கட்டியவர் அக்ரிப்பா (முதல் பேரரசர் அகஸ்டஸின் தளபதி) என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் அவருக்கு நூறு வருடங்களுக்கு மேல் பிந்தியது; பேரரசர் ஹேட்ரியன் ஆட்சியில் முடிந்தது, பழைய பெயரை அப்படியே விட்டுவைத்தார்கள். உண்மையான காலத்தைக் காட்டிக்கொடுத்தவை செங்கற்களில் இருந்த முத்திரைகள்.

வெள்ளைச் சிலைகளைப் பற்றி ஒரு வரி போதும்: அவற்றில் பல வண்ணம் பூசப்பட்டவை.

அப்புறம், டூரை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு நடப்பது. பக்கத்து ஜன்னலில் அகழாய்வு வரைபடம் ஒன்று இருந்தால், எந்தக் கட்டடம் எதற்கு எதிரே என்பது மனதில் நிற்கும். பாம்பேயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள் இருப்பதும் அதில்தான் தெரியும். தொடங்குவதற்கு நான் ஒஸ்தியாவைச் சொல்வேன். ரோமின் பழைய துறைமுக நகரம் அது. பல மாடிச் செங்கல் குடியிருப்புகளைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கும் ஒன்றைக் கவனியுங்கள். 1942இல் நடத்தத் திட்டமிட்ட உலகக் கண்காட்சிக்காக 1938 முதல் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். பிந்தைய நூற்றாண்டுகளின் சுவர்கள் பலவற்றைப் போதிய பதிவு இல்லாமலே அகற்றிவிட்டார்கள். இன்று தெருவில் தெரிவது பெரும்பாலும் இரண்டாம் நூற்றாண்டு ஊராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.