விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்

கைப்பேசியோ மடிக்கணினியோ வாங்கப் போகும்போது நம் கண் முதலில் விலைச்சீட்டின் மீதுதான் விழுகிறது. அந்த எண் அன்றைக்கு நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை மட்டுமே சொல்லும். அந்தப் பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்பதை அது சொல்லாது. ஆகவே விலையை, அந்தப் பொருள் நன்றாக இயங்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஆண்டுகளால் வகுத்து, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2 ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் ஒரு கைப்பேசியையும், அதைப்போல ஒன்றரை மடங்கு விலையில் 5 ஆண்டுகள் உழைக்கும் இன்னொன்றையும் ஒப்பிட்டால், ஆண்டுக் கணக்கில் இரண்டாவதுதான் 40 சதவீதம் மலிவு. விலை உயர்ந்ததெல்லாம் நீடித்து உழைக்கும் என்று இதற்குப் பொருளில்லை. நாம் ஒருபோதும் பயன்படுத்தாத வசதிகளுக்காகக் கொடுக்கும் பணம் எத்தனை ஆண்டுகளால் வகுத்தாலும் வீண்தான்.

அந்த ஆண்டுகளை எப்படிக் கணிப்பது? முதலில், சாஃப்ட்வேர் அப்டேட் எதுவரை வரும் என்று பாருங்கள். 2023இல் வந்த பிக்ஸல் 8 வரிசைக்குக் கூகுளும், 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் 7 ஆண்டுகள் அப்டேட் தருவதாக அறிவித்தன. ஆனால் ஒரு நிறுவனம் தன் உயர்ரக மாடலுக்குத் தரும் காலத்தை எல்லா மாடல்களுக்கும் தருவதில்லை என்பதால், நீங்கள் வாங்கப்போகும் மாடலின் பெயரையே குறிப்பிட்டுத் தேட வேண்டும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: இந்தக் காலக்கணக்கு பொதுவாக அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2 ஆண்டுகளுக்கு முன் வந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்குகிறவர் அந்த 2 ஆண்டுகளையும் இழந்துதான் வாங்குகிறார். தள்ளுபடி அந்த இழப்புக்கு ஈடாகிறதா என்று அவர் கணக்கிட வேண்டும். கணினிக்கும் இது பொருந்தும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியபோது, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு சிப்பும் புதிய பிராசஸரும் இல்லாத பல கணினிகள், உறுப்புகளில் ஒரு குறையும் இல்லாதிருந்தும் மேற்கொண்டு செல்ல வழியின்றி நின்றன.

அடுத்தது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரியின் ஆயுளை ஆண்டுகளால் அளப்பதைவிட சார்ஜ் சுழற்சிகளால் அளப்பதே சரி. முழுக் கொள்ளளவு ஒருமுறை செலவாவது ஒரு சுழற்சி. ஒரு நாளில் பாதியும் மறுநாள் பாதியும் செலவானால் அதுவும் ஒரே சுழற்சிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகளின் பேட்டரி, 800 சுழற்சிகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் குறைந்தது 80 சதவீதத்தைத் தக்கவைக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் எங்கே வாங்கினாலும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு சுழற்சி செலவழிப்பவர் சுமார் 2 ஆண்டுகள் 2 மாதங்களில் 800ஐத் தொட்டுவிடுவார். அதற்குப் பிறகு கைப்பேசியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை, பேட்டரியை மாற்றினால் போதும். தேய்ந்த பேட்டரி கொண்ட பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தைச் சாஃப்ட்வேர் வழியே குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். பேட்டரியை மாற்றியதும் அந்தக் கைப்பேசிகள் பழைய வேகத்துக்குத் திரும்பின. எனவே வாங்கும் முன்பே, பேட்டரியை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகையையும் விலையோடு சேர்த்து வகுத்துப் பாருங்கள்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்ட பவர் பேங்க், 5,000 கொள்ளளவு கொண்ட கைப்பேசியை இரண்டு முறை நிரப்பாது. அந்த எண் உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் அளவு. வெளியே வரும்போது மின்னழுத்தம் 5 வோல்ட்டாக உயர்த்தப்படுவதால் கணக்குப்படியே 7,400தான் மிஞ்சும், மாற்றும்போது வெப்பமாகப் போவதையும் கழித்தால் சுமார் 6,000 முதல் 6,500 வரைதான் நிற்கும். 1 டெராபைட் வட்டு கணினியில் 931 ஜிகாபைட் என்று காட்டுவதும் ஏமாற்று வேலை இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதை விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. இவை தெரிந்திருந்தால் தேவையில்லாத புகாரில் பொழுது போகாது. நீர்புகாத் தன்மையைக் குறிக்கும் ஐபி68 போன்ற தரக்குறியீடு மட்டும் கூடுதல் எச்சரிக்கை கேட்கிறது. அது ஆய்வகத்தில் புதிய கருவியை நன்னீரில் வைத்துச் சோதித்த முடிவு. நாளடைவில் ரப்பர் அடைப்புகள் தளர்ந்துவிடும். நீர் புகுந்து பழுதானால் பெரும்பாலான வாரண்டிகள் அதை ஏற்பதில்லை.

இதுவரை சொன்னவற்றைப் பலரும் ஓரளவு பார்க்கிறார்கள். யாரும் பார்க்காத ஒன்று, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை. பொருள் நன்றாக இருக்கும்போது எல்லா நிறுவனங்களும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாடு பழுதான அன்றைக்குத்தான் வெளிப்படும். அன்றைக்குத் தெரிந்துகொள்வதில் பயனில்லை என்பதால், பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தச் சேவையைச் சோதித்துவிட வேண்டும். அவர்களுடைய உதவி எண்ணை அழைத்து, இந்த மாடலின் திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும், உதிரிபாகம் இருப்பில் இருக்குமா, வாரண்டியில் எது சேராது என்று நான்கே கேள்விகள் கேளுங்கள். எத்தனை நிமிடம் காக்க வைத்தார்கள், ஒரு மனிதர் பேசினாரா, பதில் தெளிவாக இருந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே கேள்விகளை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாங்கப்போகிறவருக்கே மூன்று நாள் பதில் எழுதாத நிறுவனம், வாங்கி முடித்தவருக்கு விரைந்து எழுதும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதல் கைப்பேசி, மடிக்கணினி போன்றவற்றுக்குப் பழுதுநீக்கும் எளிமையை 10க்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணாகக் காட்டச் சட்டம் வந்தது. பழுதுநீக்கும் வழிமுறை ஏடுகள் கிடைக்கின்றனவா, எளிதில் பிரிக்க முடிகிறதா, உதிரிபாகம் கிடைக்கிறதா, அதன் விலை நியாயமா என்பவை அந்த மதிப்பெண்ணின் அடிப்படைகளில் சில. இப்படி ஒரு மதிப்பெண் இல்லாத இடத்திலும் அந்தக் கேள்விகளை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

பிறர் எழுதும் கருத்துகளைப் படிக்கும்போது, வாங்கிய மறுநாள் எழுதிய புகழ்ச்சியை விட்டுவிட்டு, ஓராண்டு பயன்படுத்தியவர் எழுதியதைத் தேடுங்கள். ஒரே குறையைத் தொடர்பில்லாத பலர் சொல்லியிருந்தால் அதை நம்பலாம்.

வாங்கிய பின் செய்ய வேண்டிய முதல் வேலை, பில்லைப் படமெடுத்து வைப்பது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வாங்கிய ஒரு வைஃபை ரவுட்டர் 11ஆம் மாதத்தில் நின்றுபோனது. வாரண்டி இன்னும் இருக்கிறது என்ற தைரியத்தில் பில்லை எடுத்துப் பார்த்தால், வெப்பத்தாளில் அச்சான எழுத்துகள் முழுவதும் மங்கி வெற்றுத்தாளாகக் கிடந்தது. சர்வீஸ் சென்டரில் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். வங்கிக் கணக்கு விவரத்தையும் வரிசை எண்ணையும் காட்டி அவர்களை ஒப்புக்கொள்ள வைக்க மூன்று வாரம் ஆயிற்று. பில்லோடு, பெட்டியின் மேலுள்ள வரிசை எண்ணையும் படமெடுங்கள். கைப்பேசியாக இருந்தால் *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க அடையாள எண்ணைக் (ஐஎம்இஐ) குறித்து வையுங்கள். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் நாட்கள் முடிவதற்குள் ஒலிபெருக்கி, மைக், கேமரா, ஒவ்வொரு துளை, ஒவ்வொரு பொத்தான் என்று அனைத்தையும் சோதித்துவிடுங்கள்.

பழுது ஏற்பட்டால் முதலில் பேக்கப் எடுங்கள், பிறகு குறையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள், அதன் பின்னரே புகார் எழுதுங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதைச் சுருக்கி அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். புகார் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கோபம் சிறிதும் வேண்டாம். இந்த அளவே போதும்:

“இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில், இந்த மாடலை வாங்கினேன். வரிசை எண் இது. இன்ன தேதியிலிருந்து சார்ஜ் ஏறவில்லை. வேறு சார்ஜரிலும் கேபிளிலும் சோதித்துவிட்டேன். வீடியோ இணைத்துள்ளேன். வாரண்டி நடப்பில் உள்ளதால் கட்டணமின்றிப் பழுதுநீக்கித் தர வேண்டுகிறேன். 7 நாட்களுக்குள் பதிலையும் புகார் எண்ணையும் எதிர்பார்க்கிறேன்.”

கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மாற்றித் தாருங்கள், இல்லையேல் பணத்தைத் தாருங்கள், நஷ்ட ஈடும் தாருங்கள் என்று ஒரே கடிதத்தில் அடுக்கினால் பதிலெழுதுபவர் தமக்கு எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிக் கோப்பை மூடிவிட முடியும். எதிர்முனையில் பேசுகிறவர் அந்தக் கருவியைச் செய்தவர் அல்லர். விதியை மாற்றும் அதிகாரமும் அவருக்குப் பெரும்பாலும் இருக்காது. அவரிடம் மரியாதையாகப் பேசி, அதிகாரம் உள்ளவரிடம் புகாரை மாற்றிவிடுமாறு கேட்பதே பலன் தரும். நீங்கள் குறித்த நாள் கடந்துவிட்டால், அதே கடிதத்தின் கீழேயே நினைவூட்டலை எழுதி மேலதிகாரிக்கு அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுங்கள். அப்போது தேதிவாரியாக ஒரே தொடரில் இருக்கும் அந்தக் கடிதங்களே உங்கள் ஆதாரமாக நிற்கும்.

கருவியை ஒப்படைக்கும்போது அதன் நிலையையும் ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திரும்பப் பெறும்போது கையெழுத்திடுவதற்கு முன், அங்கேயே மேசை மீது வைத்து, புகார் செய்த அதே குறை நீங்கியிருக்கிறதா என்று இயக்கிப் பாருங்கள். எந்தப் பாகத்தை மாற்றினார்கள், அந்தப் பாகத்துக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் அந்த ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.