விளையாட்டைத் திறக்காமலே ஆட்-ஆனைச் சோதிக்க

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் ஆட்-ஆன்கள் (விளையாடுபவர்கள் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்கள்) லுவா 5.1 நிரல்மொழியில் எழுதப்படுவதால், அதே பதிப்பைக் கணினியில் நிறுவிக்கொண்டால், விளையாட்டைத் திறக்காமலே நிரலின் பெரும்பகுதியை ஓட்டிப் பார்க்கலாம். விளையாட்டு மட்டுமே தரும் ஃபங்ஷன்களுக்கு ஈடாகத் தனிக் கோப்பொன்றில் போலிகளை எழுதி, அதை முதலில் ஏற்ற வேண்டும். ஒரு பாத்திரத்தின் உயிர் அளவைச் சொல்லும் யூனிட்ஹெல்த் வெறுமனே 100 என்று திருப்பித் தந்தால் போதும். கவனம் கேட்பது, ஆட்-ஆனுக்கான திரைச்சட்டத்தை உருவாக்கும் கிரியேட்ஃபிரேம்தான்: அது தரும் டேபிளில் (லுவாவின் தரவுத் தொகுப்பில்) உள்ள செட்ஸ்கிரிப்ட் ஃபங்ஷன், தன்னிடம் கொடுக்கப்படும் ஹேண்ட்லரை, அதாவது நிகழ்வு நடக்கும்போது ஓட வேண்டிய ஃபங்ஷனை, சேமித்து வைத்தால்தான், வீரர் உள்நுழைவதைக் குறிக்கும் பிளேயர்_லாகின் போன்ற நிகழ்வைப் பின்னர் நாமே எழுப்பிச் சோதிக்க முடியும். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே போலி எழுதுவது வீண் வேலை (அதில் நான் ஒரு வாரயிறுதியைத் தொலைத்திருக்கிறேன்). நிரலை ஓட்டி, பிழைச்செய்தி சுட்டும் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டே போகலாம். இல்லாத பெயருக்கெல்லாம் மெட்டாடேபிள் (டேபிளில் இல்லாத பெயரைக் கேட்டால் என்ன செய்வதென்று சொல்லும் லுவா வசதி) வழியாக வெற்று ஃபங்ஷனைத் தருவது வசதியாகத் தோன்றினாலும், எழுத்துப்பிழைகளையும் அது மறைத்துவிடும்.