பணித்தளம் போய்த் திரும்பியபின் செய்யும் தவறுகள்

நீலகிரிச் சபைகளிலிருந்து ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ உள்ள மிஷனரி பணித்தளத்துக்குப் பத்து நாள் ஊழியத்துக்குப் போன வாலிபர் குழு வெள்ளி இரவு மலை ஏறி வந்து சேரும். ஞாயிறு ஆராதனையிலேயே அவர்களைச் சாட்சி சொல்ல நிறுத்திவிடுவார்கள். மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இரண்டு இரவு ரயிலில் உறக்கம் கெட்டவருக்குக் கண்டதும் கேட்டதும் ஊகித்ததும் கலந்துதான் வாயில் வரும். ஊழியம் முடித்துத் திரும்பிய சீஷரை இயேசு முதலில் இளைப்பாறக் கூப்பிட்டார் என்று மாற்கு 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. சாட்சி சொல்ல மூன்றாம் ஞாயிறு போதும். மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம்.

அதற்குமுன் எழுதிவிட வேண்டும், அதுவும் தனித்தனியாக. குழுவாக உட்கார்ந்து பேசிவிட்டால், நன்றாகப் பேசத் தெரிந்தவரின் நினைவே எல்லாருடைய நினைவும் ஆகிவிடும். கூச்சப்படுகிற தங்கை கண்டது தொலைந்துபோகும். ரயிலிலேயே ஆளுக்கொரு நோட்டில் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: நான் கண்டது, பிறர் சொன்னது, நானாக நினைத்துக்கொண்டது. 'அந்த ஊரில் யாருக்கும் சுவிசேஷம் தெரியாது' என்பது பெரும்பாலும் மூன்றாம் பத்தியில்தான் போய் விழும். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டதெல்லாம் இரண்டாம் பத்தி. மேடையில் சொல்ல முதல் பத்தியே போதும்.

இயேசுவை ஏற்றுக்கொள்வதாக எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்று எண்ணிச் சொல்வதை விட்டுவிடுங்கள். விருந்தாளிக்கு மரியாதையாகவும் கை உயரும். நம் மலையே இதற்குச் சாட்சி. 1846-இல் நீலகிரியின் கேத்தியில் பணி தொடங்கிய பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து மிஷனரி சங்கம், இம்மலையின் படகர் சமூகத்தார் நடுவே முதல் ஞானஸ்நானத்தைக் காண 1858 வரை காத்திருந்தது. பன்னிரண்டு வருஷ விதைப்பு. பத்து நாளில் நாம் அறுத்ததாகச் சொல்லிக்கொள்வது, அங்கே வருஷக்கணக்கில் விதைத்துக்கொண்டிருக்கிறவருக்குச் செய்யும் அநியாயம்.

போட்டோ விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு தேவை. மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒடிசாவில் 1967 முதலும் ஜார்க்கண்டில் 2017 முதலும் இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஊர்ப் பெயரோடு போடும் ஒரு ஜெபக்கூட்டப் படம், நாம் வீடு வந்து சேர்ந்தபின் அங்கேயே வாழ வேண்டிய குடும்பத்தின் வாசலில் சண்டையாக வந்து நிற்கலாம். எந்தப் படமும், சாட்சியின் எழுத்துப் பிரதியும் பணித்தள ஊழியர் பார்த்துச் சரி சொன்னபிறகே வெளியே போகட்டும். பிள்ளைகளின் முகம், ஊர்ப் பெயர், ஊழியர் பெயர் மூன்றும் வேண்டாம்.

பணமும் அப்படியே. அங்கே பார்த்த பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறேன் என்று மனம் உருகிச் சொல்லியிருப்பீர்கள். நேராக ஜிபேயில் அனுப்பினால் பக்கத்து வீட்டில் பொறாமை, ஊழியருக்குத் தலைகுனிவு, 'ஆசைகாட்டுகிறார்கள்' என்ற குற்றச்சாட்டுக்கும் இடம். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்று குழுத் தலைவர் ஒரே தாளில் எழுதி ஊழியருக்கு அனுப்பட்டும்; முடியாததை இரண்டு வாரத்துக்குள் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பதில் வராமல் காத்திருக்க வைப்பதுதான் கொடுமை. பயணக் கணக்கு ஏழு நாளில் சபைப் பொருளாளர் கையில் இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குப் பில் கிடைக்காது. தேதி, எங்கிருந்து எங்கே, தொகை, கையெழுத்து என்று அன்றன்றே வவுச்சர் எழுதினால்தான் பின்னால் தடுமாற்றம் இல்லை.

காய்ச்சலைப் பற்றி எந்தச் சபையும் அறிவிப்பில் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். அந்த மாநிலங்களின் காட்டுப் பகுதிகளில் மலேரியா உண்டு. கொசு கடித்து ஒரு வாரத்துக்குப் பின்னும் வரும். வைவாக்ஸ் வகை பல மாதம் கழித்தும் தலைகாட்டும். மலைக்குத் திரும்பியபின் உடம்பு நடுங்கினால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் எங்கே போய் வந்தீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். மலேரியா இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் மனம் சோர்ந்துபோகும். 'ஊழியத்தின்மேல் இருந்த பாரம் குறைந்துவிட்டதே' என்று பிள்ளைகள் குற்றஉணர்வில் தவிப்பார்கள். எலியா தீர்க்கதரிசி சோர்ந்து சூரைச்செடியின் கீழே படுத்தபோது கிடைத்தது அப்பமும் தண்ணீரும் இன்னொரு தூக்கமும். அதையே கொடுங்கள். படிப்பை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்பவரை அடக்கவும் வேண்டாம், உடனே மேடையேற்றவும் வேண்டாம். ஆறு மாதம் ஆயரோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து ஜெபித்துப் பேசட்டும்.

கடைசியாக ஒன்று, எங்களுக்கு மிக வருத்தம் தருவது. ஜார்க்கண்டில் கற்ற நான்கு இந்தி வார்த்தை குன்னூர் வந்ததும் மறந்துபோகிறது. அதே ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நம் எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிறார்கள், கோத்தகிரிச் சரிவுகளில் கொழுந்து பறிக்கிறார்கள். முதல் சந்திப்பில் துண்டுப்பிரதி நீட்ட வேண்டாம். அவர்கள் ஊர் வணக்கமான 'ஜோஹார்' சொல்லுங்கள். எந்த ஜில்லா, ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் தமிழ் தெரியாமல் சீட்டோடு நிற்கிறவர் கூடவே டாக்டர் அறைவரை போய் வாருங்கள்.